ராஜபாளையம் டு ஸ்ரீவில்லிபுத்தூர்: ஒரு பழைய புல்லட்டும் அதன் பேட்டரியும்!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். திருமங்கலத்தில் பிரிந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள். ஒன்று வேட்டை நாய்க்கும் நூல் மில்லுக்கும் பெயர் போனது. இன்னொன்று ஆண்டாளுக்கும் பால்கோவாவுக்கும். ராஜபாளையத்திலிருந்து கிளம்பினால் இடது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும்.

பஸ்ஸில் போனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் தூரம். ஆனால், பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சாலை ஒரு முழு ஆண்டுப் பரீட்சை. டவுன் நெரிசல், நேரான ஹைவே, கோயில் வாசலில் நிறுத்திவைக்கும் நேரம், ஹெட்லைட் போட்டுத் திரும்பும் இருட்டு என எல்லாமே இதில் உண்டு. வண்டியின் பேட்டரியும் சார்ஜிங்கும் தேறுமா, தேறாதா என்று போய்த் திரும்புவதற்குள் தெரிந்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு பேட்டரி

நாங்கள் போனது நண்பனுடைய அப்பாவின் வண்டியில். 90-களில் வாங்கிய 12 வோல்ட் புல்லட் 350. மில் ஷிப்டுக்குப் போய்வருவதற்காக வாங்கியது. ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு முட்டி வலி வந்துவிட்டது. கிக்கரை உதைக்க முடியவில்லை. வண்டி ஷெட்டுக்குள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றுவிட்டது.

ஆயுத பூஜை வந்தால் மட்டும் அதற்கு விடிவு. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்வார்கள். தெருவில் ஒரு ரவுண்டு. பிறகு மறுபடியும் தார்ப்பாய். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த பேட்டரி செத்திருக்கும். இப்படியே மூன்று வருஷத்தில் மூன்று பேட்டரி போயிற்று.

இந்த வருஷம் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. 'கரன்ட் கம்ப்ளைன்ட் உள்ள வண்டி' என்று சொல்லி, விலையைக் குறைத்துக் கேட்டுவிட்டுப் போயிருந்தார் ஒருவர். கொடுத்துவிடலாம் என்பது அம்மாவின் கட்சி. அப்பா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஆண்டாள் கோயிலுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்கப்பா. திரும்பயில லைட்டப் போட்டுக்கிட்டே வீடு வந்து சேந்தா, வண்டி இருக்கட்டும். நடுவுல நின்னுட்டா கொடுத்துருவோம்."

பேட்டரி ஏன் சும்மா சாகிறது?

ராஜபாளையம் நாயைப் பற்றி இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்ட இனம் அது. வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, ஓடுவதற்கென்றே அமைந்த கால்கள். அதைக் கட்டிப்போட்டே வளர்த்தால் உடம்புக்கு ஆகாது. பழைய வண்டியின் பேட்டரியும் அதே ரகம்தான்.

நம் வண்டிகளில் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்த பேட்டரி. ஓர் அறைக்கு ஏறக்குறைய 2 வோல்ட். 6 வோல்ட் பேட்டரியில் 3 அறைகள், 12 வோல்ட்டில் 6 அறைகள். சார்ஜ் இறங்கும்போது உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் என்ற உப்பு படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். ஏற்றாமல் மாதக்கணக்கில் விட்டால் கெட்டியான படிகமாகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு ஆகாது.

வண்டியை ஓட்டாமல் வைத்திருந்தாலும் பேட்டரி தானாகவே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். வெயில் கூடக்கூட அந்த வேகமும் கூடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. விருதுநகர் மாவட்டத்து வெயிலில், தகரக் கூரை ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஆக, அந்த மூன்று பேட்டரிகளில் ஒன்றுகூட ஓடித் தேயவில்லை. நின்றே செத்தவை.

கிளம்பும் முன் பத்து நிமிஷம்

புது பேட்டரியை மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. இதற்குத் தேவை ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், உப்புத்தாள், கொஞ்சம் வாசலின்.

முதலில் டெர்மினல். அதில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்க வேண்டும். சோடாத் தண்ணீர் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே போய்விடக் கூடாது. நன்றாகக் காய்ந்ததும் வயரை இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவலாம்.

வயரைக் கழற்றும்போது எர்த் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பேனர் தவறிப்போய் சேஸிஸில் பட்டால்கூடத் தீப்பொறி வராது. இன்னொன்று, அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அப்படிப்பட்ட வண்டியில் வழக்கம்போல நெகட்டிவை சேஸிஸுக்குக் கொடுத்தால் ரெக்டிஃபையர் போய்விடும். கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவைப்பது நல்லது.

அடுத்து, எர்த் வயர் சேஸிஸைத் தொடும் இடம். அங்கே பெயின்ட்டும் துருவும் இருந்தால் சுரண்டி, வெறும் இரும்பு தெரியும்படி செய்ய வேண்டும். வண்டியைப் புதுசாக்குகிறோம் என்று முழுக்கப் பெயின்ட் அடித்த பிறகு லைட் மங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிறகு வோல்டேஜ். வண்டியை ஆஃப் செய்து சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். 6 வோல்ட் என்றால் 6.3-க்கு மேல். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜருக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம்.

முள் சொல்லும் சேதி

மாலை வெயில் தணிந்ததும் கிளம்பினோம். நண்பன் ஓட்ட, நான் பின்னால். அப்பா வாசலில் நின்று சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "முள்ளு எங்கிட்டு நிக்குதுன்னு பாத்துக்கிட்டே போங்க."

அவர் சொன்னது ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டரை. பழைய புல்லட்டின் அந்தச் சின்ன வட்டம் ஏதோ அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் பேட்டரியின் வரவு செலவுக் கணக்கு அதுதான். முள் மைனஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து கரன்ட் செலவாகிறது. ப்ளஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குள் ஏறுகிறது.

பஞ்சு மார்க்கெட் பக்கம் பஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே ஊர்ந்துகொண்டிருந்தோம். முள் மைனஸில் நின்றது. பிரேக் பிடித்தால் இன்னும் சாய்ந்தது. ஹாரன் அடித்தால் துள்ளியது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. எந்தப் பழைய வண்டியும் ஐட்லிங்கில் செலவுக்கு ஏற்ற வரவைத் தராது. கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் பேட்டரி அடிக்கடி இறங்குவதற்கு இதுதான் காரணம். தினமும் ஓட்டுகிறோமே என்பார்கள். ஓடுவது இரண்டாவது கியரில் இரண்டு கிலோமீட்டர்.

ஊரைத் தாண்டி நாலாவது கியர் விழுந்ததும் முள் ப்ளஸ்ஸுக்கு வர வேண்டும். வரவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்திலும் மைனஸை விட்டு அசையவில்லை.

புளிய மரத்தடியில்

ஓரமாக நிறுத்தினோம். பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்து, ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பார்த்தோம். ஓடும் வண்டியில் 12 வோல்ட் பேட்டரியின் முனையில் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 6 வோல்ட் வண்டிக்கு 7-ஐ ஒட்டி. எங்களுக்கு 12.3. அப்படியென்றால் பேட்டரிக்கு வரவே இல்லை.

பேட்டரிக்கு கரன்ட் வரும் பாதை எளிமையானது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் காந்தமும் அதன் காயில்களும் சேர்ந்ததுதான் ஆல்டர்நேட்டர். அது ஏ.சி. கரன்ட்டை உற்பத்தி செய்கிறது. ரெக்டிஃபையர் அதை டி.சி.யாக மாற்றுகிறது. ரெகுலேட்டர் அளவோடு நிறுத்துகிறது. இந்தப் பாதையில் எங்கே அறுந்திருக்கிறது என்று ஒரு முனையிலிருந்து வரிசையாகத் தேட வேண்டும். நேரே காயிலைக் குறை சொல்லிச் செலவு வைத்துக்கொள்ளக் கூடாது. முதலில் கனெக்டர்கள்.

ஆல்டர்நேட்டர் வயர்கள் வந்து சேரும் கனெக்டரைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே முழுக்கப் பச்சை. ஒரு பின் கையோடு வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, பின்னை நெருக்கி அழுத்தி மாட்டினோம். ஒரே உதையில் ஸ்டார்ட். ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் மீட்டர் 13.9 காட்டியது. முள்ளும் முதன்முறையாக ப்ளஸ் பக்கம் எட்டிப் பார்த்தது.

"மூணு பேட்டரி காசுடா!" என்றான் நண்பன். கொன்றது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தார்ப்பாய். இன்னொன்று, விரல் நகம் அளவு இருந்த இந்தப் பச்சை.

6 வோல்ட் வண்டிக்கு இன்னும் கவனம்

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் உருவான அந்தக் கால புல்லட்கள் 6 வோல்ட். 1961 முதல் மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த ஜாவா, யெஸ்டி வண்டிகளில் பலவும் 6 வோல்ட்தான். அவற்றில் இருந்தது டைனமோ. அதன் கார்பன் பிரஷ்ஷும் தேய்மானமும் தனிக் கவனம் கேட்பவை.

6 வோல்ட்டில் என்ன சிக்கல்? 35 வாட்ஸ் பல்பு 12 வோல்ட்டில் எரிய ஏறக்குறைய 3 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் அதே பல்புக்கு 6 ஆம்பியர் வேண்டும். கனெக்டரில் கொஞ்சம் பூத்து, 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் 0.3 வோல்ட் நஷ்டம், 40-ல் ஒரு பங்கு. 6 வோல்ட் வண்டியில் 0.6 வோல்ட் நஷ்டம், 10-ல் ஒரு பங்கு. பழைய வண்டியின் லைட் அகல் விளக்குபோல எரிவதற்கு வயசு காரணமில்லை, அழுக்குதான் காரணம்.

இதற்கு மாறாக யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் பேட்டரியே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதன் இக்னிஷனுக்கு வேண்டிய கரன்ட் மேக்னெட்டோவிலிருந்து நேரே போவதால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் ஹாரனும் இண்டிகேட்டரும் படுத்துவிடும். ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

பால்கோவா பதம்

ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது தூரத்திலேயே தெரிந்துவிடும் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரம். உயரம் சுமார் 192 அடி. தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

வண்டியை நிறுத்தியதும் நண்பன் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். பிளாட்டினம் பாயிண்ட் உள்ள வண்டியில் இது முக்கியம். இன்ஜின் நிற்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் இருந்து, சாவியும் ஆனில் இருந்தால் இக்னிஷன் காயில் வழியாக கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன பேட்டரி சில மணி நேரத்தில் காலியாகும். காயிலும் சூடேறிக் கெடும். தரிசனம் முடிந்து வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கால்கள் தானாக பால்கோவா கடைக்குப் போகும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பாலும் சர்க்கரையும் மட்டும்தான். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடிப்பிடிக்கும். கிண்டிக்கொண்டே இருந்து, சுண்டவிட்டுத்தான் அந்தப் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

பேட்டரிக்கு சார்ஜ் போடுவதும் இதே பதம்தான். அதன் ஆம்பியர்-ஹவர் அளவில் 10-ல் ஒரு பங்கு போதும். 5 ஏ.எச். பேட்டரிக்கு அரை ஆம்பியர். 14 ஏ.எச். என்றால் 1.4 ஆம்பியர். காலியான பேட்டரி 10, 12 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அவசரமாக வேணும் என்று கார் பேட்டரிக்கு ஏற்றும் வேகத்தில் ஏற்றச் சொன்னால் தகடு வளையும், தண்ணீர் கொதித்து வற்றும். புது பேட்டரிக்கு ஆசிட் ஊற்றிய உடனே மாட்டுவதும் கூடாது. தகடுகள் ஊறிய பிறகு முதல் சார்ஜ் முழுசாக ஏறினால்தான் அதன் ஆயுள் முழுசாகக் கிடைக்கும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் ஆகாது. ஆசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடிய அறைக்குள் சார்ஜ் போடவே வேண்டாம்.

இறங்கிப்போன பேட்டரியை ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஊருக்குப் போய்வரும் அரை மணி நேரத்தில் அது நடக்காது. செத்துக்கொண்டிருப்பதைத் தேற்றுவது சார்ஜரின் வேலை. தேறியதைக் காப்பதுதான் பயணத்தின் வேலை.

மலையோரம் இருட்டும்போது

ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமான காடு. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில், அனுமதிக்கும் இடம் வரை மட்டுமே போக முடியும். நாங்கள் உள்ளே போகவில்லை. அடிவாரத்துத் தோப்புகள் வரை போய்விட்டுத் திரும்பினோம். இப்படிப்பட்ட பாதையில் லைட் இல்லாமல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வைக்கும் இருட்டு அது.

மேடு பள்ளத்தில் குலுங்கும்போது பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். ஆட்டம் கண்டால் உள்ளே தகடு உதிரும். பேட்டரியிலிருந்து கீழே வரும் ரப்பர் ட்யூப் மடங்காமல், செயினிலும் சைலன்சரிலும் படாமல் தொங்க வேண்டும். அதன் வழியாகத்தான் ஆசிட் ஆவி வெளியேறுகிறது.

நெடுஞ்சாலைக்கு வந்து ஹெட்லைட் போட்டதும் முள் நடுவுக்கு இறங்கி, வேகம் எடுத்ததும் மெல்ல ப்ளஸ்ஸுக்கு ஏறியது. பாதி வழிக்கு மேல் ஏறக்குறைய நடுவிலேயே நின்றது. இதுதான் வேண்டும். பேட்டரி நிறையும்போது முள் நடுவுக்கு நெருங்கி வரும். எவ்வளவு ஓட்டினாலும் ப்ளஸ்ஸின் கடைசியிலேயே நின்றால் அதுவும் நோய்தான். பேட்டரி ஏற்கவில்லை, அல்லது ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை.

லைட் எரிய எரியவே தெருவுக்குள் நுழைந்தோம். சத்தம் கேட்டு அப்பா ஏற்கெனவே வாசலில் நின்றார். எதுவும் கேட்கவில்லை. குனிந்து அம்மீட்டரைத்தான் பார்த்தார். பச்சைப் பூத்த பின்னை நண்பன் காட்டியதும், "இதுக்கா மூணு வருஷம்?" என்றார். விலை பேசிவிட்டுப் போனவருக்கு அன்றைக்கே போன் போட்டு, வண்டி கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஒரு நிபந்தனை போட்டார்: இனி பேட்டரிக்கு என்று காசு கேட்கக் கூடாது.

மாற்றலாமா, வேண்டாமா?

6 வோல்ட் வண்டியை 12-க்கு மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாற்றலாம். லைட் நன்றாக எரியும், பல்பும் பேட்டரியும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் பல்பு, ஹாரன், இக்னிஷன் காயில், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். கழற்றிய ஒரிஜினல் சாமான்களை டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

மூடியே திறக்காத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி பழைய வண்டிக்கு நல்லதா என்றால், ரெகுலேட்டர் நன்றாக இருந்தால் நல்லது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றும் வண்டியில் அது சீக்கிரம் போய்விடும். வற்றிய தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லையே.

50 வருஷத்துக்கு மேல் பழைய வண்டிக்கு, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 'விண்டேஜ்' பதிவு பெறலாம். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு வீட்டில் ஒரு தானியங்கி சார்ஜர் வாங்கிவிடுவது உத்தமம்.

காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்

வாரம் ஒரு முறை: அரை மணி நேரமாவது ஹைவேயில் ஓட்டுங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஐட்லிங்கில் விடுவதால் பயனில்லை.

மாதம் ஒரு முறை: மூடி உள்ள பேட்டரி என்றால் தண்ணீர் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது. கோடைக் காலத்தில் மாதம் இரண்டு முறை.

ஐப்பசி மழைக்கு முன்: எல்லா கனெக்டரையும் ஒரு முறை பிரித்து, துடைத்து, மாட்டுங்கள்.

வெளியூர் போகிறீர்களா? மூன்று வாரத்துக்கு மேல் என்றால் பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, கழற்றி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ் போட யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த ஆயுத பூஜைக்குப் புது பேட்டரி வாங்கும் எண்ணம் இருந்தால், கடைக்குப் போகும் முன் ஒரு மல்டிமீட்டரையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் உட்காருங்கள். பேட்டரி வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.